அணுகல் பதிவேடு: ரிவர்ஸ் ப்ராக்ஸியின் வாயிற்கணக்கு

ஓர் இணையதளத்தின் உண்மையான வழங்கிகளுக்கு முன்னால் நின்று, வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பி, உள்ளிருந்து வரும் விடையைக் கேட்டவரிடம் சேர்க்கும் இடைநிலை வழங்கி ரிவர்ஸ் ப்ராக்ஸி எனப்படுகிறது. யார் வந்தார், எப்போது வந்தார், எதைக் கேட்டார், என்ன விடை பெற்றார் என்று ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதி வைக்கும் கோப்பு அணுகல் பதிவேடு, அதாவது ஆக்சஸ் லாக். தளத்துக்கு ஒரே வாயிலாக ரிவர்ஸ் ப்ராக்ஸி இருப்பதால், வந்தவர் அனைவரையும் பார்த்த ஒரே சாட்சி அதன் பதிவேடுதான். இப்பதிவேட்டின் வடிவம் 1990களில் உருவானது. அதை அமைக்கும் முறை 30 ஆண்டுகளில் பல திருத்தங்களைக் கண்டிருக்கிறது.

திருவண்ணாமலையின் பதிவு மரபு

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் சுவர்களில் சோழர் காலம் தொடங்கிப் பல அரச மரபுகளின் கல்வெட்டுகள் உள்ளன. இவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் அச்சாயின. பி.ஆர். சீனிவாசன் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்த தொகுப்பு 1990-ல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீடாக வந்தது.

கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை கொடைப் பதிவுகள். கொடுத்தவர், அவருடைய ஊர், கொடுத்த பொருள், அதைப் பெற்றுக்கொண்டு கடமையை ஏற்றவர், நாள் ஆகியவை ஒரு குறிப்பிட்ட வரிசையில் எழுதப்பட்டிருக்கும். ஒரு நந்தாவிளக்குக்கு இத்தனை ஆடு, அவற்றுக்கு ஈடாக நாள்தோறும் இத்தனை நெய் என்று அளவும் குறிக்கப்படும். பல கல்வெட்டுகள் ஆட்சியாண்டை மட்டும் சொல்வதோடு நிற்பதில்லை. மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றையும் தருகின்றன. ஒரே நாளைப் பல வழிகளில் குறித்ததால், எழுதியவர் ஒன்றில் பிழை செய்திருந்தாலும் மற்றவற்றைக் கொண்டு சரிபார்க்க முடிகிறது. கீல்ஹார்ன், எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை போன்றோர் இக்குறிப்புகளைக் கணித்துத்தான் சோழ, பாண்டிய மன்னர் பலரின் ஆட்சிக் காலத்தை வரையறுத்தனர்.

சோழர் ஆட்சியில் ஓர் ஆணை அரசரின் வாயிலிருந்து ஊரை அடைவதற்குள் பல கைகளைக் கடந்தது. நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த முதலாம் ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டு ஆணை, லெய்டன் பெரிய செப்பேட்டில் உள்ளது. திருமந்திர ஓலை எழுதுபவர், ஓலைநாயகம், புரவுவரித் திணைக்களத்தார், வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று சோழர் ஆவணங்களில் பதவிகள் அடுக்கப்படுகின்றன. ஆணை எவர் எவர் கை வழியாக வந்தது என்பதும் ஆவணத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. இணையத்தில் ஒரு கோரிக்கை பல இடைநிலை வழங்கிகளைக் கடந்து வரும்போது எழும் சிக்கலும் இதுதான்.

இன்று கார்த்திகை தீபத் திருவிழாவின் பரணி தீப, மகா தீப தரிசனச் சீட்டுகளில் ஒரு பகுதி கோயிலின் இணையதளம் வழியாக விற்பனையாகிறது. தமிழ்நாடு இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள பல கோயில்களின் தளங்கள் ஒரே களப்பெயரின் கீழ்க் கிளைப்பெயர்களாக அமைந்துள்ளன. கோபுர வாசலில் கூடும் கூட்டம் இப்போது இணைய வாயிலிலும் கூடுகிறது. அந்த வாயிலில் எழுதப்படும் கணக்கு அணுகல் பதிவேடு.

வலை வழங்கியின் முதல் பதிவேடுகள்

டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ன் இறுதியில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் முதல் வலை வழங்கியை இயக்கினார். 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் வேறொரு வழங்கி மென்பொருளை எழுதினார். இவ்விரு மென்பொருள்களைச் சுற்றி உருவான பதிவு வடிவம் 'காமன் லாக் ஃபார்மட்', அதாவது பொதுப் பதிவு வடிவம் எனப்பட்டது. ஒரு வரியில் ஏழு புலங்கள்: வந்தவரின் முகவரி, ஐடென்ட் அடையாளம், உள்நுழைந்த பயனரின் பெயர், நாளும் நேரமும், கோரிக்கை வரி, விடையின் நிலை எண், அனுப்பிய பைட்டுகளின் அளவு.

ஒரு மாதிரி வரி எழுத்துப்பெயர்ப்பில் இவ்வாறு அமையும்:

203.0.113.24 - - [24/நவ/2025:10:00:03 +0530] "கெட் /சீட்டு எச்டிடிபி/1.1" 200 5120

முகவரியை அடுத்து நிற்கும் முதல் கோடு ஐடென்ட் புலம். எதிர்முனைக் கணினியில் அந்த இணைப்பைத் திறந்த பயனர் யார் என்று கேட்டறியும் நெறிமுறை அது. 1993 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 1413 என வெளியானது. பலரும் ஒரே பெரிய கணினியில் உள்நுழைந்து வேலை செய்த காலத்தில் அதற்குப் பயன் இருந்தது. தனிநபர் கணினிகள் பெருகியபின் அது வழக்கொழிந்தது. ஆனாலும் வடிவத்தை மாற்றினால் பழைய கருவிகள் வாசிக்காது என்பதால், அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கோடு இன்றுவரை எழுதப்பட்டு வருகிறது.

என்சிஎஸ்ஏ வழங்கியின் நீட்சியாக 1995-ல் அப்பாச்சி வெளிவந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த உலாவியில் வந்தார் என்னும் இரு புலங்களையும் சேர்த்த வடிவம் 'கம்பைன்ட்', அதாவது இணைந்த வடிவம் எனப்பட்டது. வந்த பக்கத்தைக் குறிக்கும் 'ரெஃபரர்' என்னும் தலைப்பின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பிழையானது, ஓர் எழுத்து குறைவு. பிலிப் ஹாலம்-பேக்கரின் முன்மொழிவில் இருந்த அப்பிழை 1996 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1945-லும் அப்படியே ஏறி நிலைத்துவிட்டது.

பதிவேட்டை வாசித்துக் கணக்கெடுக்கும் மென்பொருள்களும் உடன் தோன்றின. அனலாக் 1995-லும், வெப்அலைசர் 1997-லும் வந்தன. எந்தப் பக்கத்துக்கு எத்தனை வருகை என்பதே அன்று முதன்மையான கேள்வியாக இருந்தது. பாதுகாப்புக்கும் பதிவேடு உதவும் என்பதை 2001 ஜூலையில் பரவிய 'கோட் ரெட்' புழு பலருக்குக் காட்டியது. அது மைக்ரோசாஃப்ட் வழங்கிகளைத் தாக்கும் புழு. ஆனால் கண்ணில்பட்ட எல்லா முகவரிகளையும் தட்டிப் பார்த்ததால், அதனால் பாதிக்கப்படாத அப்பாச்சி வழங்கிகளின் பதிவேடுகளிலும் ஒரே எழுத்து நூற்றுக்கணக்கில் தொடரும் நீண்ட வரிகள் விழுந்தன. உலகெங்கும் நிர்வாகிகள் அவ்வரிகளைக் கண்டே தாக்குதலை அறிந்தனர்.

ப்ராக்ஸியும் ரிவர்ஸ் ப்ராக்ஸியும்

ப்ராக்ஸி முதலில் பயனரின் பக்கத்தில் நின்றது. நிறுவனங்களின் தீச்சுவருக்குள் இருப்பவர்கள் வலையை அணுகுவதற்காகச் செர்ன் வழங்கியில் இந்த வசதி சேர்க்கப்பட்டது. ஆரி லூட்டனன், கெவின் ஆல்டிஸ் இருவரும் இதைப் பற்றிய கட்டுரையை 1994 மே மாதம் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் அளித்தனர். ஒருமுறை எடுத்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பதால், மெதுவான இணைப்புகளின் சுமை குறைந்தது. டுவேன் வெசல்ஸ் தலைமையில் 1996-ல் தோன்றிய ஸ்க்விட் இவ்வகையில் புகழ்பெற்றது.

அதே கருவியைத் திருப்பி, வழங்கியின் பக்கத்தில் நிறுத்தினால் அது ரிவர்ஸ் ப்ராக்ஸி. ஸ்க்விட் இதை 'வேகமூட்டி' என்னும் பொருளில் வழங்கியது. ஒரே நேரத்தில் 10,000 இணைப்புகளை ஒரு வழங்கி தாங்குமா என்னும் கேள்வியை டான் கெகல் 1999-ல் எழுப்பினார். அதற்கு விடை தேடியவர்களுள் ஒருவரான ரஷ்ய நிரலர் இகோர் சிசோயெவ் 2002-ல் எழுதத் தொடங்கிய என்ஜின்எக்ஸ், 2004 அக்டோபர் 4 அன்று பொதுவில் வெளியானது. பிரான்சின் வில்லி டாரோ எழுதிய எச்ஏப்ராக்ஸி, சுமையைப் பல வழங்கிகளுக்குப் பகிர்வதில் பெயர் பெற்றது. 2006-ல் வந்த வார்னிஷ் பதிவை நேராகக் கோப்பில் எழுதாமல் பகிர்வு நினைவகத்தில் எழுதியது. கோப்பு வேண்டுவோருக்கு அதை என்சிஎஸ்ஏ வடிவில் மாற்றித் தரத் தனி நிரல் ஒன்றை உடன் அளித்தது. வழங்கிகள் மாறினாலும் 1990களின் வரிவடிவம் மாறவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

முகவரி மறைதல்

ரிவர்ஸ் ப்ராக்ஸி வந்ததும் பின்னால் உள்ள வழங்கியின் பதிவேடு பயனற்றதாயிற்று. வருபவர் எவரானாலும், உள்வழங்கிக்கு இணைப்பு வருவது ப்ராக்ஸியிடமிருந்துதான். எனவே அதன் பதிவேட்டில் எல்லா வரிகளிலும் ப்ராக்ஸியின் முகவரியே விழுந்தது. ஆயிரம் பேர் வந்தாலும் ஒருவரே ஆயிரம் முறை வந்ததாகக் கணக்கு காட்டியது.

இதற்குத் தீர்வாக ஸ்க்விட் உருவாக்கியவர்கள் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்னும் தலைப்பை அறிமுகப்படுத்தினர். ப்ராக்ஸி தனக்கு வந்த கோரிக்கையை உள்ளே அனுப்பும்போது, அனுப்பியவரின் முகவரியை இத்தலைப்பில் எழுதுகிறது. அடுத்தடுத்துப் பல ப்ராக்ஸிகள் இருந்தால் ஒவ்வொன்றும் தான் கண்ட முகவரியை வரிசையின் வலக்கடைசியில் சேர்க்கிறது. இது நீண்டகாலம் வழக்கமாக மட்டுமே இருந்தது. 2014 ஜூனில் ஆர்எஃப்சி 7239 'ஃபார்வர்டட்' என்னும் தலைப்பைத் தரமாக வரையறுத்தது. பழைய தலைப்பே இன்றும் பெருவழக்கு. எச்டிடிபி அல்லாத இணைப்புகளுக்காக வில்லி டாரோ 'ப்ராக்ஸி புரோட்டோகால்' என்னும் தனி முறையை வகுத்தார்.

இத்தலைப்பில் ஓர் ஆபத்து உண்டு. இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். தாக்க வருபவர் தன் கோரிக்கையிலேயே வேறொருவரின் முகவரியை இத்தலைப்பில் எழுதி அனுப்பினால், வரிசையில் இடமிருந்து முதலில் நிற்பது அந்தப் பொய் முகவரிதான். அதை அப்படியே நம்பும் வழங்கி, குற்றமற்ற ஒருவரைப் பதிவேட்டில் ஏற்றிவிடும். ஆகவே வரிசையை வலமிருந்து படிப்பதே சரியான முறை. தன் சொந்த ப்ராக்ஸிகளின் முகவரிகளை நிர்வாகி முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். அவற்றை வலமிருந்து ஒவ்வொன்றாக நீக்கிய பின், முதலில் வரும் அந்நிய முகவரியே வந்தவரின் முகவரி. என்ஜின்எக்ஸின் 'ரியல் ஐபி', அப்பாச்சியின் 'ரிமோட் ஐபி' ஆகிய பகுதிகள் இதைத்தான் செய்கின்றன. பட்டியலில் உலகம் முழுவதையும் நம்பகமானது என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை.

முகவரி சரியாகப் பதிவானாலும் அது ஒரு மனிதரைக் குறிக்கும் என்று சொல்ல முடியாது. ஐபி நான்காம் பதிப்பு முகவரிகள் போதாமல், கைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின் வைக்கின்றன. அவர்களைப் பிரித்தறிய முனைய எண், அதாவது போர்ட் எண் தேவை. இணையத்தை நோக்கி நிற்கும் வழங்கிகள் முகவரியோடு மூல முனைய எண்ணையும் துல்லியமான நேரத்தையும் பதிய வேண்டும் என்று 2011 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 6302 பரிந்துரைத்தது. வழக்கமான இணைந்த வடிவத்தில் இப்புலம் இல்லை. நிர்வாகி தாமே சேர்க்க வேண்டும். பௌர்ணமி நாளில் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் நடக்கும் பக்தர்கள் பலரின் கைபேசிகள் ஒரே முகவரியிலிருந்து வரக்கூடும். முகவரியை மட்டும் பார்த்து, ஒருவரே அளவுக்கு மீறிக் கேட்கிறார் என்று தடுத்தால், தடுக்கப்படுவது ஒரு கூட்டமாக இருக்கும்.

பதிவை அமைக்கும் முறை

ரிவர்ஸ் ப்ராக்ஸியில் இரண்டு பதிவேடுகள் உண்டு. அணுகல் பதிவேடு ஒவ்வொரு கோரிக்கையையும் எழுதுகிறது. பிழைப் பதிவேடு, ப்ராக்ஸிக்கு நேர்ந்த இடர்களை எழுதுகிறது. பிழைப் பதிவேட்டுக்கு முக்கியத்துவ நிலைகள் உண்டு. எரிக் ஆல்மன் 1980களில் சென்ட்மெயில் மென்பொருளுக்காக உருவாக்கிய சிஸ்லாக் முறையின் எட்டு நிலைகளே இதற்கு அடிப்படை. கணினி செயலிழந்த நிலை மேலே, நிரலர் பிழைதேடும் நிலை கீழே. கீழ்நிலையைத் திறந்து வைத்தால் வட்டு விரைவில் நிறையும். மேல்நிலை மட்டும் வைத்தால் இடர் வருமுன் தோன்றும் அறிகுறிகள் தெரியாமல் போகும்.

வடிவத்தில் சேர்க்க வேண்டிய புலங்களுள் முதன்மையானவை நேரம் பற்றியவை. மொத்தக் கோரிக்கைக்கு எடுத்த நேரம் ஒன்று. உள்வழங்கி விடை தர எடுத்த நேரம் மற்றொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து இரண்டும் பெரிதாக இருந்தால் தாமதம் உள்ளே. முதலாவது மட்டும் பெரிதாக இருந்தால் தாமதம் பயனரின் இணைப்பில். எந்த உள்வழங்கி விடை தந்தது, அது தந்த நிலை எண் என்ன என்பவையும் தனிப் புலங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதை உள்வழங்கிக்கும் அனுப்பி இரு பதிவேடுகளிலும் எழுதச் செய்தால், ஒரு கோரிக்கையின் முழுப் பயணத்தையும் பின்தொடரலாம்.

நிலை எண்களைப் படிப்பது தனிப் பயிற்சி. 200 என்றால் விடை சென்றது. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டதால் ப்ராக்ஸி மறுத்தது. 502 என்றால் உள்வழங்கி முறையான விடை தரவில்லை. 504 என்றால் உள்வழங்கியின் விடைக்குக் காத்திருந்து காலம் கடந்தது. 499 என்ஜின்எக்ஸுக்கே உரிய எண். விடை வருமுன் பயனரே இணைப்பை மூடிவிட்டார் என்பது அதன் பொருள்.

திருவிழாச் சீட்டு வழங்கும் தளங்களில் இவ்வேறுபாடு பணத்தோடு தொடர்புடையது. குறைந்த எண்ணிக்கைச் சீட்டுகளுக்குப் பெருங்கூட்டம் ஒரே நிமிடத்தில் வரும்போது, பணம் போய்ச் சீட்டு வராத முறையீடுகள் எழுவது உண்டு. உள்வழங்கியின் பதிவேட்டில் அந்தக் கோரிக்கையின் சுவடே இல்லாமல் இருக்கலாம், அது உள்ளே போயே இருக்காது. வாயிலில் நின்ற ப்ராக்ஸியின் பதிவேட்டில் மட்டும் 499 அல்லது 504 என்று ஒரு வரி இருக்கும். பணம் பெற்றதாக வங்கியின் வழங்கி அனுப்பிய அறிவிப்பும் பெரும்பாலும் அதே வாயில் வழியாகத்தான் வந்திருக்கும். அவ்விரு வரிகளையும் நேரத்தையும் அடையாள எண்ணையும் கொண்டு இணைத்துப் பார்த்தால், கேட்டவர் சொல்வது உண்மையா என்பது தெரிந்துவிடும். பதிவை அணைத்து வைத்த தளத்தில் அவருக்குச் சாட்சி இல்லை. வேகத்துக்காகப் பதிவை அணைப்பது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதற்கு மாற்றாக, வரிகளை நினைவகத்தில் சேர்த்துச் சில வினாடிகளுக்கு ஒருமுறை கோப்பில் எழுதும் ஏற்பாடு உள்ளது. படங்கள், நடைத்தாள்கள் போன்றவற்றுக்கான வரிகளை மட்டும் விலக்கவும் வழி உண்டு.

நேரம் பிசகினால் இந்த இணைப்பு வேலை கெடும். இரு வழங்கிகளின் கடிகாரங்கள் சில வினாடிகள் மாறியிருந்தாலும், விடை கேள்விக்கு முன்னால் வந்ததாகப் பதிவேடு காட்டும். டேவிட் மில்ஸ் வகுத்து 1985-ல் வெளியான என்டிபி நெறிமுறை கடிகாரங்களை ஒத்திசைக்கிறது. மாதிரி வரியில் உள்ள +0530 என்னும் குறி, இந்திய நேரம் உலகப் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் உள்ளதைக் காட்டுகிறது. அக்குறி இல்லாத பதிவேட்டை வேறு நாட்டிலுள்ள பதிவேட்டோடு ஒப்பிடுவது கடினம்.

பதிவேட்டைச் சுழற்றுதல்

பதிவேடு வளர்ந்துகொண்டே போகும் கோப்பு. அதை நாள்தோறும் அல்லது வாரந்தோறும் பெயர் மாற்றிச் சுருக்கி வைத்து, புதிய கோப்பைத் தொடங்குவதைச் சுழற்றுதல் என்பர். லினக்ஸில் 'லாக்ரொட்டேட்' என்னும் கருவி இதைச் செய்கிறது. பெயர் மாற்றிய பின் ப்ராக்ஸிக்குச் சைகை கொடுத்துப் புதிய கோப்பைத் திறக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். வட்டு நிறைந்ததும் பதற்றத்தில் பதிவேட்டை அழிப்பதும் பயன் தராது. ப்ராக்ஸி அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை இடம் விடுபடாது, பதிவு மட்டும் போய்விடும்.

கோயில்களைத் திருப்பணி செய்து புதுப்பித்தபோது, இடிக்கப்படும் சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறித்த வழக்கம் தமிழகத்தில் இருந்தது. இவ்வாறு பொறித்தவை பழங்கற்படி என்று குறிக்கப்பட்டன. பதிவு இருக்கும் இடம் அழிந்தாலும் பதிவு அழியக்கூடாது என்பதே அதன் நோக்கம். கணினித் துறையில் இதே நோக்கத்துக்காகப் பதிவேட்டின் படி உடனுக்குடன் வேறொரு வழங்கிக்கு அனுப்பப்படுகிறது. உள்ளே புகுந்த தாக்குநர் முதலில் அழிக்க முனைவது தன் வருகையின் தடத்தைத்தான் என்பதால், படி வேறிடத்தில் இருப்பது அவசியமாகிறது.

பதிவேடே ஆபத்தாதல்

பதிவேட்டில் விழும் உலாவிப் பெயர், வந்த பக்கம் ஆகியவை வெளியாள் எழுதி அனுப்பும் சொற்கள். 2021 டிசம்பர் 9 அன்று வெளியில் தெரிந்த 'லாக்4ஷெல்' குறைபாடு இதன் விளைவைக் காட்டியது. ஜாவா நிரல்களில் பரவலாகப் பயன்பட்ட லாக்4ஜே என்னும் பதிவுக் கருவி, எழுத வந்த சொற்களுக்குள் இருந்த கட்டளையை வாசித்து நிறைவேற்றிவிட்டது. உலாவிப் பெயரின் இடத்தில் ஒரு வரி எழுதி அனுப்பினாலே வழங்கியைக் கைப்பற்ற முடிந்தது. ப்ராக்ஸி அதைத் தீங்கின்றிக் கடந்து அனுப்பினாலும், உள்ளே பதிவு எழுதிய நிரல் வீழ்ந்தது.

எழுதக் கூடாததை எழுதுவது மற்றோர் ஆபத்து. 2018 மே 3 அன்று ட்விட்டர் நிறுவனம், கடவுச்சொற்கள் மறையாக்கம் பெறுமுன் உள்பதிவேடு ஒன்றில் எழுதப்பட்டுவிட்டன என்று அறிவித்து, 33 கோடிப் பயனர்களைக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளக் கேட்டுக்கொண்டது. ரிவர்ஸ் ப்ராக்ஸியில் இது முகவரி வரியின் வழியே நேர்கிறது. கைபேசி எண்ணோ ஆதார் எண்ணோ வலை முகவரியின் பகுதியாக வருமாறு தளம் எழுதப்பட்டிருந்தால், அவை அப்படியே அணுகல் பதிவேட்டில் விழுந்துவிடும். அவ்வகைத் தகவல்களைக் கோரிக்கையின் உடற்பகுதியில் அனுப்புவதும், வடிவத்தில் முகவரியின் வினாப் பகுதியை நீக்குவதும் இதற்கான தீர்வுகள்.

சட்டமும் சான்றும்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் கீழ் தண்டனை பெற்ற தொடக்ககால வழக்குகளுள் ஒன்று சென்னையில் நடந்தது. ஒரு பெண்ணைப் பற்றி இணையக் குழுவில் ஆபாசச் செய்திகள் இட்ட வழக்கில், எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பர் 5 அன்று தீர்ப்பளித்தது. இன்டர்நெட் மையம் நடத்தியவர்களின் சாட்சியமும் கணினித் தடயங்களும் அதில் இடம்பெற்றன. பதிவேடு நீதிமன்றத்தில் பேசும் என்பதைத் தமிழகம் தொடக்கத்திலேயே கண்டது.

2011 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட இன்டர்நெட் மைய விதிகள், வருவோரின் அடையாளத்தைப் பதிந்து வைக்கச் சொன்னதோடு, மையத்தில் நிறுவிய ப்ராக்ஸி வழங்கியின் பதிவுகளையும் ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்று குறிப்பிட்டன. வெளிநாட்டினர் மிகுதியாக வந்து தங்கும் திருவண்ணாமலை போன்ற ஊர்களின் சிறிய மையங்களுக்கும் இது பொருந்தியது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த நெறிமுறைகள், எல்லாக் கணினி அமைப்புகளின் பதிவுகளையும் 180 நாட்கள் இந்திய ஆட்சி எல்லைக்குள் வைத்திருக்கவும், கடிகாரங்களைத் தேசிய நேரமூலங்களோடு ஒத்திசைக்கவும், பாதுகாப்பு நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் கட்டளையிட்டன. பல மென்பொருள் தொகுப்புகள் முன்னிருப்பாகச் சில வாரப் பதிவுகளையே வைத்திருக்கும். அதை மாற்றாத நிர்வாகி அறியாமலே விதியை மீறுபவராகிறார்.

பதிவேட்டைச் சான்றாக ஏற்க முறை உண்டு. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்து, 2020-ல் அதை உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு அதன் இடத்தில் உள்ளது. அதன் சான்றிதழ்ப் படிவம் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. எடுத்த பின் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடும்.

அந்தரங்கம்

பதிவை நெடுங்காலம் வைத்திருப்பதற்கு எதிரான வாதமும் வலுவானது. மாறும் ஐபி முகவரியும், அதற்குரியவரைக் கண்டறியும் சட்ட வழி தளத்தினருக்கு இருக்குமானால், தனிநபர் தரவே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016 அக்டோபர் 19 அன்று பிரையர் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று அறிவித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டது.

ஒரு கோயில் தளத்தின் பதிவேடு, யார் எந்தத் தெய்வத்துக்கு எந்த நாளில் எந்த வழிபாட்டை வேண்டினார் என்பதைச் சொல்லக்கூடியது. அது ஒருவரின் நம்பிக்கை, உடல்நலம், குடும்பச் சூழல் ஆகியவற்றைப் புலப்படுத்தலாம். கல்வெட்டில் பெயர் பொறித்த கொடையாளர் தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று விரும்பியவர். இணையத்தில் சீட்டு எடுப்பவர் தம் வருகை எழுதப்படுவதை அறிவதுகூட இல்லை. இதனால் சட்டம் கேட்கும் காலத்துக்கு மட்டும் முழு முகவரியை வைத்து, பின் முகவரியின் கடைசிப் பகுதியை மறைத்துவிடுவதும், பதிவேட்டை வாசிக்கும் உரிமையைச் சிலருக்கு மட்டும் தருவதும், வாசித்தவர் யார் என்பதையும் பதிந்து வைப்பதும் நல்ல நடைமுறைகளாகக் கருதப்படுகின்றன.

மதிப்பீடு

அணுகல் பதிவேடு வலையின் தொடக்க ஆண்டுகளில் வருகையை எண்ணும் கருவியாகப் பிறந்தது. ரிவர்ஸ் ப்ராக்ஸி பரவியதும், வந்தவரின் முகவரியைக் காப்பாற்றுவது அதன் முதன்மைச் சிக்கலாயிற்று. பின்னர் அது இடர் கண்டறியும் கருவியாகவும், நீதிமன்றச் சான்றாகவும், காக்கப்பட வேண்டிய தனிநபர் தரவாகவும் வளர்ந்தது. ஒரு சில வரிகளில் அமையும் அதன் அமைப்புக் கட்டளைகள், முறையிட்டு வரும் ஒருவருக்குச் சாட்சி இருக்குமா, அவருடைய வருகை தேவைக்கு மேல் பிறர் கையில் இருக்குமா என்னும் இரண்டையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன.